விருத்தாப்பியமும் ஓர் ஊசியும்

இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதைக் கடைவீதியில் நின்று உரத்த குரலில் சொல்லக் கூசாதவர்களும், பிரஷர் மாத்திரையின் பெயரையும் அளவையும் கேளாமலே ஒப்பிப்பவர்களும், முழங்கால் வலியைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசிக் கழிக்க வல்லவர்களுமாகிய நம் வயதுக்காரர்கள், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்; அது, ஐம்பதைத் தாண்டிய ஆண் சரீரத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குறைவதைப் பற்றிய பேச்சு. முன்பெல்லாம் இந்தப் பேச்சே கிடையாது. மாஸ்டர் செக்கப் என்று சொல்லி இரத்தத்தை எடுத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக எண்களை அச்சடித்துத் தரும் பரிசோதனைச் சாலைகள் இப்போது அந்தப் பட்டியலின் வாலில் இதையும் சேர்த்துவிட்டபடியால், தேடாதவரையும் அந்த எண் தேடிக்கொண்டு வருகிறது.

என் பழைய மாணாக்கர் ஒருவர், வங்கியில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர், அத்தகைய காகிதம் ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்ற தை மாதத்தில் என்னைப் பார்க்க வந்தார். கல்லூரியில் நெடுங்காலம் ரசாயனம் போதித்தவனுக்கு வைத்தியமும் தெரிந்திருக்கும் என்பது என் மாணாக்கர் பலருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. காபி குடித்து, ஊர் விஷயமெல்லாம் தீர்ந்து, என் மனைவி உள்ளே போய்விட்டாள் என்பதையும் நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு, "சார், தப்பா நெனச்சுக்கக் கூடாது, இதை ஒரு தடவை பாருங்க" என்று காகிதத்தை நீட்டினார். 281 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது.

"இதுக்கு ஊசி இருக்காமே சார். போட்டுக்கிட்டா பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்குமாம்."

"பத்து வயசு கொறஞ்சு என்னப்பா செய்யப் போறே?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகிவிடுகிறது என்றும், எதிலும் நாட்டம் இல்லையென்றும், வேறு சிலவற்றையும் மெள்ளச் சொன்னார். கேலி செய்யும் விஷயம் அன்று என்று நானும் தெரிந்துகொண்டேன். அவரிடம் அன்று துண்டு துண்டாகச் சொன்னதையும், பிறகு படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இழந்த யௌவனத்தை ஏதோ ஒரு திரவியத்தால் மீட்டுவிடலாம் என்ற ஆசை புதியதன்று. அசுவினி தேவர்கள் கிழ முனிவராகிய சியவனரைக் குமாரராக்கிய கதை நமக்குத் தெரியும். அவர் பெயரால் விற்கும் லேகியம் மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள், ஆண்மையை வளர்க்கும் வாஜீகரணம் ஒன்று. ஆயினும் இந்த ஆசை விஞ்ஞானத்தின் வேஷத்தைப் பூண்டுகொண்டு முதன்முதலாகச் சபையேறியது 1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, பாரிஸ் நகரத்தில்.

அன்று உயிரியல் சங்கத்தின் முன் எழுந்து நின்றவர் சாமானியர் அல்லர். மொரீஷியஸ் தீவில் 1817-இல் பிறந்து, முதுகுத் தண்டின் நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சியால் உலகப் பிரசித்தி பெற்று, கிளாத் பெர்னார் என்ற மேதைக்குப் பின் அவருடைய ஆசனத்திலேயே அமர்ந்த ஷார்ல் எதுவார் பிரௌன்-செக்கார் என்பவர் அவர், வயது எழுபத்திரண்டு. நாயினுடைய விரைகளையும் கினிப் பன்றியினுடைய விரைகளையும் நசுக்கி, நீர் சேர்த்து வடிகட்டி, அந்தச் சாற்றைத் தம் தேகத்திலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டதாகவும், அதன் பிறகு மாடிப்படிகளை ஓடி ஏற முடிகிறதென்றும், பரிசோதனைக் கூடத்தில் மணிக்கணக்காக நின்று வேலை செய்ய முடிகிறதென்றும் அவர் அறிவித்தார். முன்கையின் பலத்தைக் கருவி கொண்டு அளந்திருந்தார்; சிறுநீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதைக்கூட அளந்து சொன்னார்! சபையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள் என்பதை நினைத்துக்கொண்டால், எத்தனை பேர் சிரித்திருப்பார்கள், எத்தனை பேர் அந்தச் சாறு எங்கே கிடைக்கும் என்று மனத்துக்குள் விசாரித்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். சில மாதங்களுக்குள் அந்தச் சாறு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வியாபாரச் சரக்காகிவிட்டது. ஐந்தாண்டு கழித்து, 1894-இல், அவர் காலமானார்.

ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர் அவருடைய முறையை அப்படியே பின்பற்றிச் சாறு தயாரித்து அளந்து, முடிவை 2002-இல் வெளியிட்டார்கள். அதில் இருந்த டெஸ்டோஸ்டிரோன், மனித சரீரத்தில் எந்த விளைவையும் உண்டாக்கப் போதாத அற்ப அளவு. ரசாயனம் தெரிந்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை: அந்தப் பொருள் தண்ணீரில் எளிதிலே கரையாது, விரை அதை உற்பத்தி செய்தவுடன் இரத்தத்தில் விட்டுவிடுகிறதே தவிரச் சேர்த்து வைப்பதும் இல்லை. ஆகவே அந்தக் கிழவரை மாடிப்படியில் ஓடச் செய்தது அவருடைய நம்பிக்கைதான். இத்தனை பெரிய விஞ்ஞானியை, இத்தனை நுட்பமாக அளந்து பார்த்தவரை, அவருடைய மனமே ஏமாற்ற முடிந்தது என்பதை, "ஊசி போட்டுக்கொண்ட மறுநாளே புது மனுஷனாகிவிட்டேன்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் நான் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான நிரூபணம் அவருக்கு நாற்பது ஆண்டு முன்பே ஆகிவிட்டிருந்தது. ஜெர்மனியில் கெட்டிங்கன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெர்ட்டோல்ட் என்பவர் 1849-இல் ஆறு சேவற்குஞ்சுகளை வைத்துக்கொண்டு செய்த பரிசோதனை அது. விரை எடுக்கப்பட்ட சேவலுக்குக் கொண்டை சுருங்கிற்று. கூவுதலும் சண்டையும் நின்றன. எடுத்த விரையை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் பதித்தபோதோ, நரம்புத் தொடர்பு சிறிதும் இல்லாமலே, கொண்டை சிவந்தது, சேவல் கூவிற்று. ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியாகச் செல்லுகிறது என்று அவர் முடிவு கட்டினார். சில பக்கக் கட்டுரை, ஆரவாரம் இல்லை, யாரும் கவனிக்கவில்லை.

குரங்கின் விரையைச் சீவிப் பணக்காரக் கிழவர்களுக்கு ஒட்டுப்போட்ட வோரனாஃப், விந்துக் குழாயைக் கட்டிவிட்டால் இளமை திரும்பும் என்ற வியன்னாவின் ஸ்டைனாக் ஆகியோரின் கதையை விரிக்கப் போவதில்லை. ஸ்டைனாக்கின் சிகிச்சையை 1923-இல் சிக்மண்ட் பிராய்டும் 1934-இல் கவி யேட்ஸும் செய்துகொண்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். பெரிய மூளை இந்தச் சபலத்துக்குத் தடையன்று. நம் தேசத்திலும் 1938-இல், எழுபத்தாறு வயதான பண்டித மதன மோகன மாளவியர் ஒரு சாதுவின் மேற்பார்வையில் காயகல்பம் செய்துகொண்டதைப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

மாளவியர் காயகல்பத்துக்கு உட்கார்ந்தபோது, உண்மையான பொருள் கண்ணாடிக் குப்பியில் வெண்ணிறப் படிகமாக வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அது வந்த வழி என் தொழிலைச் சேர்ந்தது ஆகையால் சற்றே நின்று சொல்ல அனுமதிக்க வேண்டும். சிகாகோவின் கசாப்புச் சாலைகளிலிருந்து கிடைத்த காளை விரைகள் நாற்பது பவுண்டிலிருந்து கோக், மக்கீ என்ற இருவர் 1927-இல் பிரித்தெடுத்த வீரியமுள்ள சத்து, இருபது மில்லிகிராம். பூட்டனாண்ட் என்ற ஜெர்மானியர் 1931-இல் போலீஸ்காரர்களின் சிறுநீரைப் பதினையாயிரம் லிட்டர் அளவுக்குச் சேகரித்து, அதைக் காய்ச்சி வடித்து, டெஸ்டோஸ்டிரோனுக்கு உறவான வேறொரு ஹார்மோனைப் பதினைந்து மில்லிகிராம் எடுத்தார். போலீஸ்காரர்களை எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்பது வாசகர் யோசனைக்கு. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழுவினர் காளை விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோனையே தூய படிகமாகப் பிரித்துப் பெயரும் இட்டார்கள். அதே ஆண்டில் பூட்டனாண்டும், ஸ்விட்ஸர்லாந்தில் ருசிக்காவும் தனித்தனியே அதைக் கொலஸ்டிராலிலிருந்து செயற்கையாகச் செய்து காட்டினார்கள். 1939-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. ஹிட்லரின் அரசாங்கம் தடுத்ததால் பூட்டனாண்ட் அப்போது அதை ஏற்க முடியவில்லை.

ஆக, பொருள் பொய்யன்று. அது இல்லாமற்போனால் வரும் வியாதியும் பொய்யன்று. ஒரு எக்ஸ் குரோமோசோம் அதிகமாகப் பிறந்தவர்கள், அம்மைக்கட்டு விரையில் இறங்கி அதைச் சிதைத்தவர்கள், பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி வந்தவர்கள் போன்றோர்க்கு இந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பது, தைராய்டு இல்லாதவருக்குத் தைராய்டு மாத்திரை கொடுப்பதைப்போல நியாயமான, கௌரவமான சிகிச்சை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இவர்களில் பலர் வெட்கத்தால் வைத்தியரிடம் போகாமலே எலும்பு மெலிந்து, இரத்தம் சுண்டி, ஆயுளைக் கழிக்கிறார்கள். விவாதம் இவர்களைப் பற்றியதன்று. வயது ஏறியதால் எண் இறங்கியவர்களைப் பற்றியது.

அந்த எண்ணைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கிறது, பிற்பகலில் தாழ்கிறது, சாப்பிட்டால் இன்னும் தாழ்கிறது. ஆகவே காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தாலொழிய எதையும் தீர்மானிக்கலாகாது என்பது வைத்திய சங்கங்களின் விதி. ஜுரத்திலும், பெரிய நோயிலிருந்து தேறிக்கொண்டிருக்கும்போதும் எடுக்கவே கூடாது. என் மாணாக்கரைக் கேட்டேன்: "எப்பப்பா இரத்தம் குடுத்தே?" இட்லியும் பொங்கலும் முடித்து, அலுவலகத்துக்குப் போகும் வழியில், பதினொரு மணிக்கு!

எல்லைக்கோடாவது ஒன்றா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் நாளமில்லாச் சுரப்பி வைத்தியர்களின் சங்கம், நூறு மில்லி இரத்தத்தில் 264 நானோகிராம் என்று கோடு கிழிக்கிறது. அது பருமன் இல்லாத இளைஞர்களை அளந்து கண்ட கீழெல்லை. அதே தேசத்தின் சிறுநீரக அறுவை வைத்தியர்களின் சங்கம் 300 என்கிறது. 281 உடைய என் மாணாக்கர் ஒரு கதவைத் தட்டினால் ஆரோக்கியசாலி. எதிர்க் கதவைத் தட்டினால் நோயாளி. இரு சங்கங்களும் சேர்ந்து சொல்வது ஒன்றுண்டு: அறிகுறியும் வேண்டும், எண்ணும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது. ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் நாற்பது முதல் எழுபத்தொன்பது வயது வரை மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைச் சோதித்து 2010-இல் வெளியான ஆராய்ச்சி, இரண்டும் ஒருங்கே அமைந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான் என்று கண்டது.

வயது ஏறினால் இந்த ஹார்மோன் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது புஸ்தகக் கணக்கு. ஆனால் குறைவது வயதாலா, வயதோடு கூட வரும் சங்கதிகளாலா? ஆஸ்திரேலியாவில், தம் ஆரோக்கியம் மிக நன்றாக இருப்பதாகச் சொன்ன ஆண்களை மட்டும் தேர்ந்து அளந்தபோது, நாற்பதுக்கு மேல் வயதோடு எண் இறங்கக் காணோம். தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. சர்க்கரை வியாதி எண்ணை இறக்குகிறது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு இறக்குகிறது. நாட்பட்ட வலிக்குக் கொடுக்கும் அபின் வர்க்க மருந்துகள் மிகவும் இறக்குகின்றன. எடை குறைந்தால் எண் தானாக ஏறுகிறது. என் மாணாக்கரின் குறட்டையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். கல்விச் சுற்றுலாவில் ஒரே அறையில் படுத்த சகமாணாக்கர்கள் என்னிடம் புகார் செய்திருக்கிறார்கள். அப்போது அவர் ஒல்லி. இப்போது மேஜைக்கும் அவருக்கும் நடுவில் வயிறு உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு சிக்கலான ஒன்றை எளிதாக்கிக் கொடுத்தது வியாபாரம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு, தோலில் தடவும் ஜெல் வந்ததும், "உமக்கும் குறைவாக இருக்கிறதோ?" என்று கேட்கும் விளம்பரங்கள் தொலைக்காட்சியில் பெருகின. 2001-க்கும் 2011-க்கும் நடுவே, நாற்பதைக் கடந்த ஆண்களில் இந்த மருந்தை வாங்கியவர் விகிதம் மும்மடங்கு ஆயிற்று. அவர்களில் நாலில் ஒருவருக்கு, தொடங்குமுன் ஓராண்டுக் காலத்தில் இரத்தப் பரிசோதனையே நடந்ததாகப் பதிவில்லை. தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளப் பத்துக் கேள்விகள் அடங்கிய பட்டியல் ஒன்று உண்டு: களைப்பாக இருக்கிறதா, சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா, விளையாட்டில் திறமை குறைந்துவிட்டதா என்று போகும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராத தமிழன் யார்? அந்தப் பட்டியலை எழுதிய ஜான் மார்லி என்ற வைத்தியர், கழிப்பறையில் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் அங்கிருந்த காகிதத்திலேயே எழுதியதாகத் தாமே சொன்னதை நியூயார்க் டைம்ஸ் 2013-இல் பிரசுரித்தது.

நம் ஊரில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் முகாம் என்று விளம்பரம் செய்த வைத்தியர்கள் இதை ஒரு தலைமுறை முன்பே செய்தார்கள். நரம்புத் தளர்ச்சி என்று இளைஞனைப் பயமுறுத்திப் பணம் பறித்தார்கள். ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954 முதல் இந்தியாவில் இருக்கிறது; அது இருப்பது விளம்பரங்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

சரி, உண்மையிலேயே எண் தாழ்ந்த கிழவர்களுக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகிறது? அறுபத்தைந்துக்கு மேற்பட்ட 790 பேருக்கு ஓராண்டு ஜெல்லோ வெற்று ஜெல்லோ கொடுத்து அமெரிக்காவில் நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 2016 முதல் வெளிவந்தன. அந்த 790 பேரைப் பொறுக்க ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சலிக்க வேண்டியிருந்தது என்பதே ஒரு செய்தி. இச்சையும் தாம்பத்தியமும் ஓரளவு மேம்பட்டன. ஆண்டு முடிவதற்குள் அந்த மேம்பாடு சற்றுத் தேய்ந்தது. எலும்பின் அடர்த்தி ஏறிற்று, இரத்தசோகை குறைந்தது. ஞாபக சக்தி ஏறவில்லை. களைப்பு தீர்ந்ததா என்றால், வெற்று ஜெல் பூசியவர்களைவிடக் குறிப்பிடத்தக்கதாகத் தீரவில்லை. என் மாணாக்கர் ஊசியை நாடியதோ அந்தக் களைப்புக்காகத்தான்.

மாரடைப்பு வரும் என்ற பயம் நெடுநாள் இருந்தது. இதய நோய் உள்ளவர்களும் வரக்கூடியவர்களுமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2023-இல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை மருந்து பூசியவர்களில் நூற்றுக்கு 7.0, பூசாதவர்களில் 7.3, அந்தப் பயம் பெரும்பாலும் நீங்கிற்று. ஆனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறும், நுரையீரல் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைப்பதும் மருந்துக்காரர்களிடம் அதிகம். அதே ஆராய்ச்சியின் இன்னொரு பகுதி மறு ஆண்டில் வந்தபோது எல்லாரும் திகைத்தார்கள்: எலும்பைப் பலப்படுத்தும் என்று எண்ணிய மருந்தைப் பூசியவர்களுக்கு எலும்பு முறிவு நூற்றுக்கு 3.5, மற்றவர்களுக்கு 2.46. தெம்பு வந்துவிட்டதென்று ஓடியாடி விழுந்தார்களோ என்னவோ! புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இந்த ஹார்மோனுக்கும் உள்ள உறவை 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966-இல் நோபல் பரிசு பெற்றார், அந்தப் புற்றுநோய் உள்ளவருக்கு இன்றும் இது சாதாரணமாகக் கொடுக்கப்படுவதில்லை, இல்லாதவருக்கும் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துத்தான் தொடங்குகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என் மாணாக்கரை யோசிக்க வைத்தது வேறொன்று. மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி, இரத்தத்தில் ஹார்மோன் போதுமா என்று எப்போதும் பார்த்துக்கொண்டிருந்து, குறைந்தால் விரைக்கு உத்தரவு அனுப்புகிறது. வெளியிலிருந்து ஊசி வந்ததும் அந்த உத்தரவு நின்றுவிடும். மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு வரத் தொடங்கிய வீட்டில் அடுப்பு அணைந்துபோவதைப்போல, விரை வேலையை நிறுத்திச் சுருங்கிவிடும். விந்தணு உற்பத்தியும் நின்றுவிடும். இதையே ஆண்களுக்குக் கருத்தடையாக்கலாமா என்று உலக சுகாதார ஸ்தாபனம், வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டு ஆராய்ந்து 1990-இல் முடிவை வெளியிட்டது. 271 பேரில் 157 பேருக்கு அணுவே அற்றுப்போயிற்று. குழந்தை வேண்டும் என்றிருக்கும் இளைஞன், உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார் என்று இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு குழந்தையின்மை மருத்துவமனையில் வந்து உட்காரும் கொடுமை இதனால்தான் நேர்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோர்க்குத் திரும்பும், மாதங்கள் ஆகும், அந்த மாதங்களில் பழைய ஊற்றும் இல்லை, புதிய மருந்தும் இல்லை. "அப்படின்னா ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம்னு சொல்லுங்க" என்றார். ஆமாம் என்றேன்.

அவர் ஒரு நாளமில்லாச் சுரப்பி வைத்தியரிடம் போனார். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம், முதல் முறையும் மறு முறையும் 300-க்கு மேலேயே நின்றது. தூக்கப் பரிசோதனையில்தான் வண்டவாளம் வெளிப்பட்டது. இரவில் மூச்சுக் கருவியை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார், மாலை நடக்கிறார். ஆனால் தமக்கு அந்த ஹார்மோன் வியாதி இல்லை என்று கேட்டபோது அவருக்கு வந்தது சந்தோஷம் அன்று, ஏமாற்றம். ஊசியால் தீரும் வியாதி என்றால் ஒரு பெருமையுண்டு. வயிற்றைக் குறை என்பதில் என்ன பெருமை?

நியாயமான காரணத்துக்காகவே இந்தச் சிகிச்சையைத் தொடங்கியிருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் இரத்தம் தடித்துவிட்டது என்று பொருள். வைத்தியர் மருந்தை நிறுத்துவார். ஊசியில், போட்ட சில நாள் உற்சாகமும் அடுத்த ஊசி நெருங்கும்போது சோர்வுமாக ஏறி இறங்குவது உண்டு, சில மாதங்களுக்கு ஒரு முறை போடும் ஊசியில் அது குறைவு, விலை அதிகம். ஜெல் பூசுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பூசிய இடம் உலர்ந்த பின் சட்டையால் மூடிக்கொள்ள வேண்டும். இது நம் வீடுகளில் முக்கியம். ஏனென்றால் வெயில் காலத்தில் மேல்துண்டோடு ஊஞ்சலில் உட்கார்ந்து பேரக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்வது நம் தாத்தாக்களின் வழக்கம். இப்படி ஒட்டிய மருந்தால் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அகாலத்தில் பருவக் குறிகள் தோன்றியதைக் கண்டு அமெரிக்க அரசாங்கம் 2009-இல் ஜெல் பெட்டிகளின்மேல் கடுமையான எச்சரிக்கை அச்சிடச் செய்தது. தோளில் பூசியிருந்தால் சட்டை போட்டுக்கொண்டு குழந்தையை வாங்கவும்.